ஓமந்தைக்கு அப்பால் ஓர் அரசு

ஒரு பிரதேசம் தனிநாடானால் அதன் பொருளாதாரம் என்னவாகும்? விடை தேடித் தூரதேசங்களுக்குப் போக வேண்டியதில்லை. எந்த நாடும் அங்கீகரிக்காத போதிலும் அரசு போலவே இயங்கிய வன்னிப் பெருநிலப்பரப்பு நம் காலத்திலேயே இருந்தது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் கொழும்பு அரசு வடக்கின் மீது பொருளாதாரத் தடை விதித்தது. சீமெந்து, எரிபொருள், பசளை, பற்றரி எனப் பட்டியல் நீண்டது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. நெல் விளைவிக்கும் விவசாயிக்கோ பசளையும் அரிது, சந்தையும் தூரம்.

2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஏப்ரலில் ஏ-9 வீதி முறைப்படி திறக்கப்பட்டது. கிளிநொச்சியில் நீதிமன்றமும் காவல்துறையும் வைப்பகமும் இயங்கின. ஓமந்தையில் இராணுவத்தின் சோதனையைத் தாண்டி வந்த லொறி, புலிகளின் ஆயப்பகுதிக்கும் வரி கட்டியது. அந்த வரி இறுதியில் ஏறியது, கடைக்கு வந்த ஏழையின் தலையில்தான்.

ஆயினும் அங்கே புழங்கியது இலங்கை ரூபாவே. 1994இல் தொடங்கப்பட்ட தமிழீழ வைப்பகமும் அந்த ரூபாவையே வாங்கியது, அதையே கடனாகக் கொடுத்தது. ஆசிரியருக்கும் வைத்தியருக்கும் கச்சேரி ஊழியருக்கும் சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது. 1991இல் பிரிந்த சோமாலிலாந்தும் அப்போது அங்கீகாரமற்றதாகவே இருந்தது. ஆனால் அது 1994இல் சொந்த ஷில்லிங்கை வெளியிட்டது. பெர்பெரா துறைமுகத்தால் ஆடுமாடுகளை அரபு நாடுகளுக்கு அனுப்பியது. முல்லைத்தீவுக்கு நீண்ட கடற்கரை இருந்தும் வணிகக் கப்பல் வந்து போகும் துறைமுகம் வாய்க்கவில்லை. எனவே 2006 ஆகஸ்டில் ஏ-9 மூடப்பட்டதும் வன்னியின் மூச்சு முட்டியது. கொடியும் நீதிமன்றமும் இருந்தும் நாணயமும் வாசலும் பிறர் கையில் இருந்தன என்பதே என் கணிப்பு.

இந்தக் கணக்கில் இன்னொரு பக்கமும் உண்டு. அதை நாம் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டனர். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி மக்களும் அவர்களுள் அடங்குவர். அவர்களை வியாபாரிகள் என்று மட்டும் சொல்வது வழக்கம். உண்மையில் வயல் செய்தவர்களும் கடலுக்குப் போனவர்களும் மாடு வளர்த்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். வீடும் கடையும் தோட்டமும் கைமாறின. கடன்கொடுத்தவனும் வாங்கியவனும் பிரிந்தார்கள். தலைமுறைகளாக வளர்ந்த கொடுக்கல் வாங்கல் நம்பிக்கை அறுந்தது. எந்த வைப்பகமும் கடனாகத் தரமுடியாத முதல் அது.

2002 ஏப்ரல் 13இல் கிளிநொச்சியில் ரவூப் ஹக்கீமும் பிரபாகரனும் செய்த உடன்பாட்டில் மீள்குடியேற்றமும் பேசப்பட்டது. ஆயினும் பெரும்பாலோர் புத்தளத்து முகாம்களிலேயே தங்கினர். 2009 மே மாதத்தில் போர் முடிந்தபின் திரும்பியவர்கள் தம் காணிகள் காடாகிக் கிடக்கக் கண்டார்கள்.

ஓர் அரசு எவ்வளவு வரி திரட்டியது என்பதோடு, யாரை வெளியேற்றிவிட்டு அந்தக் கணக்கைத் தொடங்கியது என்பதையும் பொருளாதாரம் எழுதுவோர் கேட்க வேண்டும். வன்னியின் வரவுசெலவில் அந்த வரி இன்னும் நிரப்பப்படாமலே இருக்கிறது.