தானுந்துக் குறிகை வடம்

தானுந்துக் குறிகை வடம் என்பது, தானுந்தின் முகப்புப் பலகையிலுள்ள ஸ்டீரியோவிலிருந்து மிகைப்பிக்கு ஒலிக் குறிகையைக் கொண்டு செல்லும் கம்பி வடமாகும். இதன் முனைகளில் பெரும்பாலும் ஆர்சிஏ இணைப்பிகள் இருக்கும். ஆர்சிஏ என்பது ரேடியோ கார்ப்பரேசன் ஆஃப் அமெரிக்கா நிறுவனப் பெயரின் சுருக்கமாகும்.

நீளம் தெரிதல்

மிகைப்பி முன்னிருக்கையின் அடியில் இருப்பின் ஏறத்தாழ 2 மீட்டரும், டிக்கியில் இருப்பின் 5 மீட்டரும் தேவைப்படலாம். வடம் வளைந்து செல்லும் பாதையை நூலால் அளந்து, சுமார் 30 செ.மீ. கூட்டிக்கொள்வது நன்று. குறைந்தால் இணைப்பி இழுபட்டுத் தளரும். மிகுதி வடத்தை மின்வழங்கு கம்பியின் அருகில் சுருட்டி வைத்தல் கூடாது.

ஒலித்தரம்

நீண்ட வடம் உச்ச ஒலிகளைக் குறைக்கும் என்பது பரவலான கருத்து. மீட்டருக்கு 100 பிக்கோபாரடு மின்தேக்குத்திறன் கொண்ட 5 மீட்டர் வடத்தை, 1000 ஓம் வெளியீட்டு மறிப்புடைய ஸ்டீரியோவுடன் இணைத்தால், குறிகை குறிப்பிடத்தக்க அளவு தேயும் அதிர்வெண் சுமார் 300 கிலோ எர்ட்சு ஆகும். மனிதச் செவி உணர்வதோ ஏறத்தாழ 20 கிலோ எர்ட்சு வரையே. எனவே இந்நீளங்களில் இழப்பு செவிக்குப் புலப்படாது.

இரைச்சல்

குறிகை சில வோல்ட்டு அளவினதே. ஆதலால் அதில் கலக்கும் இரைச்சலும் சேர்ந்தே மிகைக்கப்படும். எஞ்சினின் வேகத்துடன் ஏறியிறங்கும் சீழ்க்கை ஒலி ஆல்ட்டர்நேட்டரிலிருந்து வருவதாகும். ஸ்டீரியோவும் மிகைப்பியும் வெவ்வேறு இடங்களில் உடற்சட்டத்துடன் இணைக்கப்படுவது இதற்கு முதன்மைக் காரணம். வடத்தை மட்டும் மாற்றுவதால் இது நீங்குவதில்லை. மின்வழங்கு கம்பியை வண்டியின் ஒரு பக்கமும் குறிகை வடத்தை மறுபக்கமும் கொண்டு செல்வர். இரண்டும் குறுக்கிட நேர்ந்தால் செங்கோணத்தில் குறுக்கிடச் செய்வர்.