வட ஆற்காட்டில் தொழுநோய் மருத்துவம் மாறிய விதம்

சோளிங்கரை உள்ளடக்கிய பழைய வட ஆற்காடு மாவட்டம் தொழுநோய் மிகுந்திருந்த பகுதி. நோய் முற்றினால் விரல்கள் தாமே அழுகி உதிரும் என்றே மருத்துவர்களிற் பலரும் நம்பியதாலும், பொது மருத்துவமனைகள் இந்நோயாளிகளைச் சேர்க்கத் தயங்கியதாலும், புண்ணுக்குக் கட்டுப் போடுவதற்கு மேல் சிகிச்சை பெரும்பாலும் சென்றதில்லை. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், நரம்பு கெட்டு வலி உணராத கைகால்கள் சூட்டாலும் காயத்தாலும் ஓயாத அழுத்தத்தாலும் சிதைகின்றன என்று காட்டி, மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால், அதாவது இயங்கும் தசையின் நாணைச் செயலிழந்த விரலுக்குத் திருப்பி இணைப்பதால், நிமிர்த்தினார்.

ஆயினும் கத்தியைவிடச் செருப்பே அதிகக் கால்களைக் காத்தது எனலாம். தோல் தொழிலுக்குப் பேர்போன இவ்வட்டாரத்தில் ஆணி அடித்த செருப்புக்குப் பஞ்சமில்லை. உணர்ச்சியற்ற பாதத்திலோ அந்த ஆணி ஏறினாலும் தெரியாது என்பதால், நுண்துளை ரப்பரைப் பசையால் ஒட்டி ஆணியில்லாச் செருப்புகள் செய்யப்பட்டன. வேலூருக்கு அருகே 1950களில் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மருத்துவமனை, மருத்துவர்களோடு இயன்முறைப் பயிற்சியாளர்களுக்கும் காலணி செய்வோருக்கும் இம்முறைகளைக் கற்பித்தது. நாள்தோறும் பாதத்தில் சூடும் சிவப்பும் உண்டா என்று பார்க்க நோயாளிகளும் பழக்கப்பட்டனர்.