முழுச் சார்ஜும் பாதிச் சார்ஜும்: வாலாஜாபாத் வட்டாரத்தில் மின்கலம் பேணிய வரலாறு

ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயர் கொண்ட வாலாஜாபாத், பாலாற்றங்கரையில் நெசவாலும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் பாசறையாலும் வளர்ந்த ஊராகும். இவ்வட்டாரத்தார் பேட்டரி என்று நெடுங்காலம் அறிந்திருந்தது லாரியிலும் டிராக்டரிலும், பின்னர் இன்வெர்ட்டரிலும் பொருத்தப்பட்ட ஈய-அமிலக் கலத்தையே. 1859இல் பிரெஞ்சு அறிவியலாளர் பிளாண்டே உருவாக்கிய அக்கலம் சார்ஜ் இறங்கிய நிலையில் கிடந்தால், தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் இறுகிக் கலம் பாழாகும்; ஆதலால் முழுச் சார்ஜ் ஏற்றி, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி வைப்பதே முறையாயிற்று. அக்கலத்துக்கு அது முற்றிலும் பொருந்திய முறை.

1991இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த லித்தியம் அயனிக் கலத்தின் இயல்பு வேறு. ஒரு கலம் 4.2 வோல்ட் அளவில் நிறைந்திருக்கையில், அயனிகள் நீந்திச் செல்லும் மின்பகுளி என்னும் திரவம் நேர்மின்முனையில் மெல்லச் சிதைகிறது; எதிரே கிராஃபைட்டின் மேல் படியும் மென்படலமும் தடித்து லித்தியத்தை விழுங்குகிறது; வெப்பம் இவ்விரண்டையும் விரைவுபடுத்துகிறது. பரவலாக எடுத்தாளப்படும் அளவீட்டின்படி, 25 டிகிரி வெப்பத்தில் முழுச் சார்ஜுடன் ஓராண்டு கிடக்கும் கலம் ஏறத்தாழ 20 விழுக்காடு கொள்ளளவை இழக்க, 40 விழுக்காடு சார்ஜில் கிடப்பது 4 விழுக்காட்டையே இழக்கிறது. 40 டிகிரியில், அதாவது காஞ்சிபுரத்துக் கத்திரி வெயிலில், முழுக்கலத்தின் இழப்பு 35 விழுக்காட்டை எட்டும். அடியோடு வற்றவிடுவதும் தீங்கே: எதிர்மின்முனையின் செப்புத் தகடு கரைந்து, மறுபடி சார்ஜ் ஏற்றும்போது உள்ளே படிந்து குறுக்குச்சுற்றை உண்டாக்கக்கூடும்.

வாலாஜாபாத்திலிருந்து சாலைவழி சென்றடையும் திருப்பெரும்புதூரில் 2006இல் நோக்கியாவின் கைப்பேசி ஆலை தொடங்கியது; 2014இல் அது மூடப்பட்டது. இடையே 2007 ஆகஸ்டில், ஜப்பானின் மட்சுஷிதா தயாரித்த 4.6 கோடி பிஎல்-5சி கைப்பேசிக் கலங்கள் சார்ஜ் ஏறும்போது சூடேறக்கூடும் என்று நோக்கியா அறிவித்தபோது, கையிலிருக்கும் சிறு கலத்துக்கும் கவனம் தேவை என்பதைப் பொதுமக்கள் உணர்ந்தனர். ஆயினும், பயன்படுத்தாதபோது அதை எவ்வாறு வைப்பது என்னும் அறிவு கடைவீதியை எட்டவில்லை. கொடைவள்ளல் அழகப்பச் செட்டியார் அளித்த 300 ஏக்கர் நிலத்தில், 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியிலேயே இருக்கும் நாட்டில், இவ்வறிவு மக்கள் மொழியில் பரவாதது பெருங்குறையாகும். நிறைந்த கலம் ஆபத்து மிக்கது என்பதால், விமானச் சரக்காகத் தனியே அனுப்பப்படும் லித்தியம் அயனிக் கலங்களில் 30 விழுக்காட்டுக்கு மேல் சார்ஜ் இருத்தலாகாது என்ற பன்னாட்டு விதியோ 2016 முதலே நடப்பில் உள்ளது.

ஓடாமல் நிற்கும் மின்ஸ்கூட்டரின் கலத்தையும் பெட்டியில் கிடக்கும் பழைய கைப்பேசியையும் ஏறத்தாழ பாதிச் சார்ஜில், வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைத்து, மூன்று மாதத்துக்கொருமுறை பார்த்து, இறங்கியிருந்தால் சிறிது ஏற்றிவைத்தல் வேண்டும். உப்பிய கலத்துக்கு மீண்டும் சார்ஜ் ஏற்றலாகாது. அத்தகைய கழிவுக் கலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளரிடமே ஒப்படைத்துள்ளன.