கடலைப் பாடிக் கற்பித்த கதை

கன்னியாகுமரி மாவட்டத்துத் திற்பரப்பு அருவியை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். பாறைமீது பரந்து விழுவது கோதையாற்று நீர். அது குழித்துறை வழியாக ஓடித் தேங்காய்ப்பட்டணத்தில் அரபிக் கடலில் கலக்கிறது. ஆனால் அருவிக் கரையில் நின்று பார்த்தால் கடல் தெரியாது. ரப்பர் மரங்களும் தென்னையும்தான் தெரியும். அவ்வூரில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு குழந்தைக்குக் கடல்வாழ் உயிர்களை எப்படி அறிமுகம் செய்வது? "திமிங்கிலம் ஒரு பாலூட்டி" என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால் போதுமா? அந்த வரி தேர்வு வரை மனத்தில் நிற்கும், திமிங்கிலம் நிற்காது. இதற்கு விடை காண, வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

1950-களில் பெர்முடா தீவருகே, கடலடி ஒலிகளைக் கேட்கும் பணியில் அமெரிக்கக் கடற்படைக்காக உழைத்தவர் பிராங்க் வாட்லிங்டன் என்ற பொறியாளர். அவருடைய கருவிகளில் விந்தையான ஓசைகள் பதிவாயின. அவை கூனல் திமிங்கிலங்களின் குரல்கள். பின்னர் ரோஜர் பெய்ன், ஸ்காட் மெக்வே ஆகியோர் இத்தகைய பதிவுகளை ஆராய்ந்தனர். அந்த ஓசைகள் தாறுமாறானவை அல்ல. ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வருபவை. எனவே அவற்றைப் 'பாட்டு' என்றே அழைத்து 1971-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அதற்கு முந்திய ஆண்டே, 1970-இல், திமிங்கிலப் பாட்டு இசைத்தட்டாக வெளிவந்துவிட்டது. 1979-இல் நேஷனல் ஜியாக்ரபிக் இதழ், மெல்லிய ஒலித்தட்டாக அதனைத் தன் படிகளுடன் இணைத்து வழங்கியது. அச்சிட்ட படிகள் ஒரு கோடிக்கும் மேல்!

அதுவரை எண்ணெயும் இறைச்சியுமாகக் கருதப்பட்ட விலங்கு, வீட்டுக் கூடத்தில் பாடத் தொடங்கியது. வணிகத் திமிங்கில வேட்டையை நிறுத்திவைக்கப் பன்னாட்டுத் திமிங்கில வேட்டை ஆணையம் 1982-இல் முடிவு செய்தது. 1986-இல் அது நடைமுறைக்கு வந்தது. பாட்டு ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அறிஞர்களின் கணக்கெடுப்பும் மக்கள் கிளர்ச்சியும் சேர்ந்தே அதைச் சாதித்தன. ஆயினும் மக்களின் செவியைத் திறந்தது பாட்டுத்தான்.

பாட்டாலும் கூத்தாலும் அறிவியலைப் பரப்புவது நமக்கும் பழக்கமானதே. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1980-இல் கலைப் பயணங்களைத் தொடங்கியது. 1987 அக்டோபர், நவம்பர் மாதங்களில் நாட்டின் பல முனைகளிலிருந்தும் அறிவியல் கலைக் குழுக்கள் ஊர் ஊராகப் பாடி ஆடிச் சென்று போபாலில் கூடின. தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் அதில் பங்குகொண்டது.

இதே வழி ஒரு மீனுக்கும் உதவியது. திமிங்கிலச் சுறா உலகின் மிகப் பெரிய மீன். ஆனால் அது உண்பதோ மிதவை நுண்ணுயிர்களையும் சிறு மீன்களையும்தான். குஜராத் கரையில், படகுகளுக்குப் பூசும் ஈரல் எண்ணெய்க்காகவும் ஏற்றுமதி இறைச்சிக்காகவும் அதைக் கொன்று வந்தனர். 2001-இல் சட்டம் அதற்குப் பாதுகாப்பு அளித்தது. சட்டம் வந்த செய்தி மீனவருக்குச் சென்று சேர வேண்டுமே! 2004-இல் இந்திய வனஉயிர் அறக்கட்டளை இதற்கென ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. கதாகாலட்சேபத்தில் புகழ்பெற்ற மொராரி பாபு அதற்குத் துணை நின்றார். பிரசவத்துக்காகத் தாய்வீடு வரும் மகளாக அந்த மீனைச் சித்திரித்து நாடகம் நடித்தனர். 'வாலி', அதாவது அன்புக்குரியவள், என்று பெயரும் சூட்டினர். மீனின் முழு உருவத்தில் காற்றடைத்த பொம்மை ஊர் ஊராகச் சென்றது. தாய்வீடு வந்த மகளை யார் கொல்லுவார்? மீனவர்கள் தங்கள் வலையைத் தாங்களே அறுத்து நூற்றுக்கணக்கான மீன்களை விடுவித்தனர். அறுந்த வலைக்கு வனத்துறை இழப்பீடு தந்தது. கதை மனத்தைத் தொட்டது; இழப்பீடு வயிற்றைக் காத்தது. இரண்டும் தேவையாயின.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். திமிங்கிலச் சுறா எங்கே குட்டி ஈனுகிறது என்பது அறிவியலுக்கு இன்னும் தெளிவாகவில்லை. ஆகவே 'தாய்வீடு' என்பது கதை; அதைப் பாடமாகச் சொல்லக்கூடாது. கற்பனை எது, கண்டறிந்தது எது என்று பிரித்துக் காட்டுவதும் ஆசிரியரின் கடமை அல்லவா?

ஓவியத்திலும் அப்படியே. ஒவ்வொரு திமிங்கிலச் சுறாவின் முதுகிலும் வெண்புள்ளிகள் வெவ்வேறு விதமாக அமைந்திருக்கும். ஆராய்ச்சியாளர்கள் அவற்றைக் கொண்டே ஒரு மீனை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்தி அறிகிறார்கள். வாசலில் புள்ளிக்கோலம் பார்த்து வளரும் நம் குழந்தைகளுக்கு இதை விளக்கவா வேண்டும்? பள்ளி முற்றத்தில் பன்னிரண்டு மீட்டர் கயிற்றை நீட்டி, அதன் அளவில் சுண்ணாம்பால் மீனை வரைந்து, புள்ளிகளை ஒவ்வொரு குழந்தையும் வைக்கட்டும். அந்த மீனின் பருமன் அவர்களுக்கு என்றும் மறக்காது.

பாட்டுக்குப் பொருள் தேடித் தொலைவு போக வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் வாழும் விலாங்கு மீன் கடலில் பிறப்பது. கண்ணாடி போன்ற குஞ்சாக ஆற்றுக்குள் ஏறி வந்து பல்லாண்டுகள் வளர்ந்து, முட்டையிட மீண்டும் கடலுக்கே இறங்கிப் போகிறது. அதன் பயணத்தை எளிய மெட்டில் கட்டி, திற்பரப்புக் குழந்தைகள் ஒருமுறை பாடட்டும். கண்ணுக்குத் தெரியாத கடல், தங்கள் ஆற்றின் மறுமுனை என்பது அவர்களுக்கு விளங்கிவிடும். ஆற்றில் எறியும் குப்பை எங்கே போய்ச் சேரும் என்பதையும் பிறகு நாம் சொல்ல வேண்டியிராது. அவர்களே நமக்குச் சொல்வார்கள்.