மலைக்காய்ச்சலும் நம் கல்லூரி மாணவரும்



இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காட்டில் கூடுகிறோம். ஏரிக்காற்று சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்தச் சேர்வராயன் மலையில் காப்பிச் செடி வைத்த 1820களில், மலைக்காடு என்றாலே ஜனங்களுக்கு மலைக்காய்ச்சல் பயம். இன்று அதை மலேரியா என்கிறோம். அந்த மலேரியாவோடு பல்லாண்டு மல்லுக்கட்டியவர் நம்ம மாநிலக் கல்லூரியின் பழைய மாணவர். பெயர் கோவிந்தராஜன் பத்மநாபன்.

நம்மிடம் யாராவது கல்லூரிப் பெருமை கேட்டால் சர் சி.வி. ராமன், சந்திரசேகர் என்று இரண்டு பெயரோடு நிறுத்திக்கொள்வோம். சந்திரசேகர் நோபல் பரிசு பெற்ற அதே 1983இல்தான் பத்மநாபன் பட்நாகர் விருது பெற்றார். நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1938இல் பிறந்தவர். பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம். எஞ்சினியர்கள் நிறைந்த குடும்பம். அவரும் எஞ்சினியரிங்கில்தான் சேர்ந்தார், மனம் ஒட்டவில்லை. விட்டுவிட்டு நம் கல்லூரிக்கு வந்து கெமிஸ்ட்ரி படித்தார். பிறகு டில்லியில் மண் வேதியியல். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1966இல் உயிர்வேதியியல் டாக்டர் பட்டம். 1994 முதல் 1998 வரை அந்தக் கழகத்துக்கே இயக்குநர்.

இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும், இரும்பு பொதிந்த பொருள் ஹீம். மலேரியாக் கிருமி குடியிருப்பதே இரத்தச் சிவப்பணுவுக்குள். அங்கே ஹீமுக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் கிருமி தனக்கென்று தனியாக ஹீம் தயாரிக்கிறது என்று 1992இல் நமீதா சுரோலியாவும் அவரும் எழுதினார்கள். சோற்றுப் பானைக்குள் உட்கார்ந்திருப்பவன் தனியாக உலை வைப்பானேன்? அந்த உலையை அணைத்தால் கிருமி செத்துப்போகும், மருந்துக்கு வழி பிறக்கும் என்பது அவர்கள் எண்ணம்.

2013இல் அவரது குழுவே எலி மலேரியாக் கிருமியில் அந்த ஜீன்களை நீக்கிப் பார்த்தது. இரத்தத்தில் கிருமி சாகவில்லை! எலியின் ஹீமை வைத்தே பிழைத்துக்கொண்டது. ஆனால் கொசுவின் உடம்பிலும் எலியின் கல்லீரலிலும் வளர முடியாமல் நின்றுபோனது. ஆக, உலை வைப்பது அந்த இரண்டு இடங்களுக்காகத்தான். நோய் பரவுவதைத் தடுக்க அதுவே நல்ல குறி. இருபத்தொரு வருஷம் கழித்து, எழுபத்தைந்து வயதில், தன் பழைய கணிப்பைத் தானே திருத்தி அச்சில் போட்டார் மனுஷர்.

சேலம், ஈரோட்டுக்காரர்களுக்கு இன்னொரு சேதி. நம்ம மஞ்சளில் உள்ள குர்குமினை ஆர்ட்டிமிசினின் வகை மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால், எலிகளுக்குக் காய்ச்சல் திரும்புவதில்லை என்று 2006இல் அவர் குழு காட்டியது. எலிக்குப் பலித்ததெல்லாம் மனிதருக்கு மருந்தாகிவிடாது, இன்னும் ஆகவில்லை.

பத்மஸ்ரீ 1991, பத்மபூஷண் 2003. 2024இல் நாட்டின் முதல் விஞ்ஞான் ரத்னா விருதும் அவருக்கே. விருதுகள் பெரியவைதான். ஆனால் நம் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியது அந்த 2013ஆம் வருஷத்துக் கதை. அடுத்த முறை யாராவது கல்லூரிப் பெருமை கேட்டால், மூன்றாவது பெயரையும் சேர்த்தே சொல்வோம்.