வீடியோ நாடாவும் வரலாற்றுச் சான்றும்

இலக்கமுறைப் பதிவு எங்கும் பரந்துவிட்ட இக்காலத்திலும் பழைய வீடியோ நாடாக்களையும் அவற்றுக்குரிய இயந்திரங்களையும் பேணிப் பயன்படுத்துவோர் உளர். இதனை வெறும் பழமைப்பற்று எனக் கொள்ளுதல் பொருந்துமா என்பது வரலாற்று மாணவர் சிந்திக்கவேண்டிய வினாவாகும்.

1956இல் அம்பெக்ஸ் நிறுவனம் வெளியிட்ட வீடியோப் பதிவுக் கருவியின் விலை 50,000 டொலர். எனவே அது ஒளிபரப்பு நிலையங்களுக்கே உரியதாயிற்று. 1975இல் சோனியின் பீற்றாமக்சும் 1976இல் ஜே.வி.சி.யின் வி.எச்.எஸ். முறையும் அவ்வாற்றலை இல்லங்களுக்குக் கொணர்ந்தன. தொடக்கத்திற் பீற்றாமக்ஸ் நாடா ஒரு மணிநேரமே ஓடியது, வி.எச்.எஸ். இரண்டு மணிநேரம் ஓடியது. பின்னது வெற்றிபெற்றமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். ஒளிபரப்பை வீட்டிற் பதிந்து பின்னர் பார்த்தல் பதிப்புரிமை மீறலாகாது என ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 1984இல் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது.

இதனாற் பார்வையாளர் ஆவணம் பேணுவோராயினர். நாடா விலையுயர்ந்திருந்த காலத்தில் பி.பி.சி. போன்ற நிலையங்களே பல நிகழ்ச்சிகளை அழித்து நாடாவை மீளப் பயன்படுத்தின. பிலடெல்பியாவில் முன்னர் நூலகராயிருந்த மரியன் ஸ்ரோக்ஸ் அம்மையாரோ, 2012இல் மறையும்வரை, முப்பதாண்டுகளுக்கு மேலாகத் தொலைக்காட்சிச் செய்திகளை இடையறாது பதிந்துவந்தார். அவர் விட்டுச்சென்ற நாடாக்கள் ஏறத்தாழ 70,000. 1979இல் தொலைக்காட்சி தொடங்கிய நம் நாட்டிலும் திருமணம், கோயில் திருவிழா முதலியன வி.எச்.எஸ். நாடாக்களிற் பதியப்பட்டன. அவற்றுட் பலவற்றுக்கு வேறு பிரதி இல்லை.

ஓலைச்சுவடியைக் கண் படிக்கும். நாடாவை இயந்திரமே படிக்கும். பொலியெஸ்ரர் நாடாவிற் பசையால் ஒட்டப்பட்ட காந்தத் துகள்களிலுள்ள சாய்வான பதிவுத் தடங்களைச் சுழலும் உருளையிலுள்ள முனைகள் வாசிக்கின்றன. ஈரப்பதனால் பசை சிதைகின்றது, பூஞ்சணம் படர்கின்றது, முனைகளும் தேய்கின்றன. இறுதிவரை இவ்வியந்திரத்தை உற்பத்திசெய்த யப்பானிய ஃபுனாய் நிறுவனமும் 2016 யூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இனி ஒரு கருவியைத் திருத்தப் பெரும்பாலும் மற்றொரு பழைய கருவியின் உறுப்பையே நாடவேண்டும்.

ஆகவே, பழைய கருவியை இன்றும் இயக்குவோர் ஒரு வாசிப்பு முறையையே காத்துநிற்கின்றனர். செல்லரித்த ஏடுகளைத் தேடி 1887இற் கலித்தொகையை அச்சேற்றிய சி.வை. தாமோதரம்பிள்ளைக்குக் கண்ணும் புலமையும் போதியனவாயிருந்தன. நமக்கோ கருவியும் வேண்டும். நம் பல்கலைக்கழக நூலகங்கள் இயங்கும் கருவியொன்றையேனும் பேணி, மக்களிடமுள்ள நாடாக்களை இலக்கமுறைக்கு மாற்றுதல் வேண்டும். கருவிகள் ஓய்ந்தபின் நாடா எஞ்சினும் சான்று எஞ்சாது.