கேட்ட பின் வகுத்தல்: வேலூர்–ஆம்பூர் தோல் வட்டாரத்தில் குடும்ப வாழ்வுக் கல்வி

குடும்ப வாழ்வுக் கல்வி என்றால் நம் கல்லூரிகளில் பெரும்பாலும் ஒரு சொற்பொழிவுதான். மணவாழ்வு, பிள்ளை வளர்ப்பு, வீட்டு வரவுசெலவு பற்றி ஒருவர் மேடையில் பேசுவார். மாணவர்கள் கேட்டுவிட்டுக் கலைவார்கள். அப்படியொரு நிகழ்ச்சியை மாணவரே வகுக்கக் கற்பது முற்றிலும் வேறு பயிற்சி. யாருக்காக, எந்த நேரத்தில், எந்த மொழியில் நடத்துவது, பயன் விளைந்ததை எதை வைத்து அறிவது என்பதையெல்லாம் அவரே தீர்மானிக்க வேண்டும். அமெரிக்காவில் இது தனித் தொழிலாகவே வளர்ந்தது. அங்குள்ள தேசியக் குடும்ப உறவுகள் மன்றம் 1985இல் இத்துறையினருக்குச் சான்றிதழ் வழங்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மனையியல் துறை இதற்கு ஒரு வாசலாயிற்று. 1957இல் கோவையில் தொடங்கிய அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி அதில் முன்னோடி. வேலூர் முதல் ஆம்பூர், வாணியம்பாடி வரையுள்ள பாலாற்றுப் பகுதியிலோ இப்பயிற்சி மருத்துவக் கல்வியின் வழியே வந்தது. வீடு வீடாகப் போய்க் கேட்ட பிறகே திட்டம் வகுப்பது என்ற முறை இங்கே வேரூன்றியதற்கு அதுவே காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கம் அப்படி இருக்கவில்லை. அமெரிக்க மருத்துவ மிஷனரி ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒரே படுக்கையோடு மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். 1909இல் செவிலியர் பள்ளியும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் எழுந்தன. குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி நோயாளிகளைப் பார்க்கும் அவருடைய சாலையோர மருத்துவத்துக்கு மாணவியரும் உடன் சென்றார்கள். தாய்மாருக்கு அறிவுரை சொல்வது அந்த மருத்துவத்தின் ஒரு பகுதி. சொல்பவர் அறிந்தவர், கேட்பவர் அறியாதவர் என்ற நிலை அன்று யாருக்கும் உறுத்தவில்லை.

முதல் மாற்றம் மனநல மருத்துவத்தில் நேர்ந்தது. 1950களில் அமிர்தசரஸில் மனநல மருத்துவர் வித்யா சாகர் நோயாளிகளின் உறவினரை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரமடித்துத் தங்கவைத்தார். அதே பத்தாண்டின் பிற்பகுதியில், ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸின் தலைமையில் வேலூரை அடுத்த பாகாயத்தில் உருவான மனநல மையம், குடும்பத்தார் உடன் தங்குவதைச் சிகிச்சையின் நிலையான பகுதியாக்கியது. சமைப்பதும் நோயாளியைக் கவனிப்பதும் உறவினர். நோயின் கதையை மருத்துவருக்குச் சொல்வதும் அவர்களே. பயிற்சிக்கு வந்த மாணவர்கள் அங்கே கண்டது முக்கியமானது: நோயைப் பற்றி மருத்துவர் அறியாத பலவற்றை ஒரு மாமியாரோ அண்ணனோ அறிந்திருந்தார். சமூக மருத்துவத்தின் வரலாற்றை எழுதுபவர்கள் இந்த மையத்தைத் தனிக்கதையாக ஒதுக்கிவிடுகிறார்கள். குடும்பத்தைக் கூட்டாளியாகக் கொண்டு கற்பிக்கும் பழக்கம் இப்பகுதியில் இங்கிருந்துதான் வலுப்பெற்றது என்பது என் கருத்து.

1977இல் காவனூரைத் தலைமையிடமாகக் கொண்டு, கே.வி.குப்பம் ஒன்றியத்துக்காக ‘ருசா’ எனப்படும் ஊரக நலவாழ்வு மற்றும் சமூகப் பணிப் பிரிவு தலீப் முகர்ஜியின் தலைமையில் தொடங்கியது. வருமானம், மாதர் சங்கம், இளைஞர் குழு ஆகியவற்றையும் நலவாழ்வின் பகுதிகளாக அது எடுத்துக்கொண்டது. கணியம்பாடி ஒன்றியத்தில், ஸ்கடரின் மருத்துவப் பள்ளியிலிருந்து வளர்ந்த கல்லூரியின் சமூக மருத்துவத் துறை இயங்கியது. இந்தச் சூழலில் நிலைபெற்றதுதான் முதலாண்டு மருத்துவ மாணவர்கள் மூன்று வாரம் ஒரு கிராமத்தில் தங்கும் பயிற்சி. ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் வைக்கும் முன்பே மாணவர் கேள்வித்தாளோடு வாசலில் நிற்கிறார். வீட்டில் எத்தனை பேர், சம்பாதிப்பவர் யார், தண்ணீர் எங்கிருந்து, கடன் யாரிடம் என்று கேட்டு எழுதுகிறார். கிடைத்ததைத் தொகுத்த பிறகே அந்த ஊருக்கு எதைப் பற்றிப் பேசலாம் என்ற கேள்வி எழுகிறது.

செவிலியர் கல்வியில் இதைவிட நுணுக்கமான ஒரு பயிற்சி உண்டு: குடும்பப் பராமரிப்பு ஆய்வு. மாணவி ஒரு குடும்பத்தைப் பல வாரம் தொடர்ந்து சந்தித்துக் குடும்பக் கோப்பு எழுதி, தேவைகளை முன்னுரிமைப்படி அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் செயல்திட்டம் வகுத்து, இறுதியில் மதிப்பிட வேண்டும். இதில் கற்பிக்கக் கடினமான இடம் முன்னுரிமை. மாணவிக்கு முதலில் தெரிவது குழந்தையின் எடைக்குறைவு. தாய்க்கு முதலில் நிற்பதோ கணவனின் குடி. நல்ல ஆசிரியர் தாயின் வரிசையையும் கோப்பில் எழுதச் சொல்வார். வடிவமைப்புக் கல்வியின் சாரம் இந்த ஒரு திருத்தத்தில் இருக்கிறது.

இப்படிக் கேட்டறியும் அமைப்பு எவ்வளவு ஆழம் போகும் என்பதை 2004இல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வு காட்டியது. கணியம்பாடி ஒன்றியத்தில் ஒவ்வொரு இறப்பையும் களப்பணியாளர் வழியே விசாரித்துப் பதிந்துவந்த ரீட்டா ஆரோன், ஆபிரகாம் ஜோசப் முதலியோர், 1992 முதல் 2001 வரை 10–19 வயதினரிடையே ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்குப் பெண்களில் 148, ஆண்களில் 58 என்ற அளவில் தற்கொலை நிகழ்ந்ததைக் கண்டார்கள். அந்த வயதுப் பெண்களின் இறப்புகளில் பாதிக்கும் மேல் தற்கொலையே. அரசுப் பதிவுகள் காட்டியதைவிட இது பல மடங்கு. குடும்பச் சச்சரவு, வீட்டு வன்முறை, காதல் முறிவு ஆகியவை காரணங்களில் முன்நின்றன. குடும்ப நலத் திட்டங்களோ பல ஆண்டுகளாக மணமான தம்பதியரையும் கைக்குழந்தைத் தாயரையும் நோக்கியே பேசிவந்தன. வீட்டுக்குள் பேச இடமில்லாத பதினாறு வயதுப் பெண் எந்தத் திட்டத்திலும் இல்லை. இதைப் படித்த பிறகும் மேடைச் சொற்பொழிவே போதும் என்று ஒருவர் நினைக்க முடியாது.

கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு வழி வேறு. 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் மாணவரைக் கிராம முகாமுக்கு அனுப்பியது. 1986இல் சென்னையில் எடுத்த இரத்த மாதிரிகள் வேலூர் ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டு இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது உறுதியானது, அதன் பிறகே பாலுறவு பற்றிக் கல்லூரிகளில் வாய்திறந்து பேச நேர்ந்தது. எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்காகக் கல்லூரிகளில் எழுந்த செஞ்சுருள் சங்கங்கள் அதன் தொடர்ச்சி. ஆனால் செய்தி முன்பே தயாராக வந்தது. மாணவர் அதைக் கொண்டுசேர்ப்பவர் மட்டுமே.

இதற்கிடையில் குடும்பங்களே மாறிவிட்டன. 1970களின் தொடக்கத்தில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தியதும், டேனரிகளின் ஊராக இருந்த ஆம்பூர் மெல்ல ஷூ கம்பெனிகளின் ஊராயிற்று. பதனிடும் தொட்டியில் ஆண்கள். தைக்கும் இயந்திரத்தில் பெண்கள். விடியலில் கம்பெனிப் பேருந்து கிராமம் கிராமமாக வந்து பெண்களை ஏற்றிச் செல்கிறது. வேலைக்குப் போக முடியாதவர்கள் வீட்டிலேயே ஜோடிக் கணக்கில் ‘அப்பர்’ எனப்படும் ஷூவின் மேல்பகுதியைத் தைக்கிறார்கள். தோல் கழிவால் பாலாறும் கிணறுகளும் கெட்டதை 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பில் பதிவு செய்தது. குடிநீர்ச் சுமையும் பெண்கள் தலையில்தான் ஏறியது. இங்கே பகல் பதினொரு மணிக்குத் தாய்மார் கூட்டம் என்று எழுதும் மாணவர் எந்தத் தாயையும் சந்திக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் துணி துவைக்கவே போகும். தமிழில் மட்டும் அச்சிட்ட கையேடு உருது பேசும் வீடுகளில் பாதி வழியிலேயே நின்றுவிடும்.

2022இல் தேசிய மருத்துவ ஆணையம் மருத்துவ மாணவர்கள் குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர வேண்டும் என்பதைப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. வேலூரின் பழைய முறை நாட்டு விதியானதாக இதைக் கொள்ளலாம். ஆனால் அம்முறையை வாணியம்பாடி, ஆம்பூர்க் கல்லூரிகளுக்கு அப்படியே எடுத்துச்செல்ல முடியாது. மருத்துவ மாணவர் கிராமத்துக்கு வெளியாள். இக்கல்லூரிகளின் மாணவியரில் பலரோ அதே ஷூ கம்பெனிக் குடும்பங்களின் பிள்ளைகள். தன் தெருவில் அடி உதை பற்றியும் கடன் பற்றியும் ஒரு பெண் கேட்டால் உண்மை வராது; வந்தால் அந்தச் சுமையோடு அவள் அங்கேயே வாழ வேண்டும். ஆகவே ஆம்பூர் மாணவி பேரணாம்பட்டிலும் வாணியம்பாடி மாணவி மேல்விஷாரத்திலும் களப்பணி செய்யும்படி கல்லூரிகள் தங்களுக்குள் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். விடையளித்த வீடுகளின் பெயரும் கதவு எண்ணும் எந்த ஏட்டிலும் வரக்கூடாது. வகுத்த திட்டத்தின் முதல் வரைவை, நடத்துவதற்கு முன் அதே பெண்களிடம் படித்துக்காட்ட வேண்டும். மதிப்பெண்ணில் பெரும்பங்கு, அவர்கள் சொன்னதைக் கேட்டு அந்த வரைவில் செய்யப்பட்ட மாற்றங்களுக்குத் தரப்பட வேண்டும்.